நாய்க்குக் காய்ச்சலா என்று அறிவது எப்படி? முதன்முறையாக நாய் வளர்ப்போருக்கு ஒரு வழிகாட்டி

என் நாய்க்குக் காய்ச்சல் வந்தபோது நான் நான்கு நாட்களை வீணாக்கினேன். முதல் நாள் மாலை நான் கதவைத் திறந்தபோது அது ஓடி வரவில்லை. படுத்த இடத்திலிருந்தே வாலை இரண்டு முறை தரையில் தட்டிவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. மூக்கைத் தொட்டுப் பார்த்தேன், ஈரமாக இருந்தது. மூக்கு ஈரமாகவும் குளிர்ச்சியாகவும் இருந்தால் நாய்க்குக் காய்ச்சல் இல்லை என்று எப்போதோ காதில் விழுந்ததை நம்பி, களைப்பாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். ஐந்தாம் நாள் மருத்துவமனையில் அளந்தபோது 40.3 டிகிரி செல்சியஸ் இருந்தது. மூக்கு அப்போதும் ஈரமாகத்தான் இருந்தது.

அதைவிட என்னைத் தலைகுனிய வைத்தவை, மருத்துவர் அடுத்தடுத்துக் கேட்ட கேள்விகள். எடை எவ்வளவு, கடைசித் தடுப்பூசி எந்தத் தேதியில் போடப்பட்டது, உண்ணிக்கு எப்போது மருந்து கொடுத்தீர்கள், எத்தனை நாளாகச் சாப்பிடவில்லை, சிறுநீரின் நிறம் என்ன, வீட்டில் ஏதாவது மருந்து கொடுத்தீர்களா என்று கேட்டதற்கு நான் சொன்னவை எல்லாம் உத்தேசமான பதில்கள். நோய் உண்ணிக்காய்ச்சல் என்று தெரிந்து, சிகிச்சை முடிந்து, நாய் தேறிவிட்டது. ஆனால் வீட்டில் ஒரு வெப்பமானியும் ஒரு தாளும் இருந்திருந்தால் அந்த நான்கு நாட்களில் மூன்றையாவது மிச்சப்படுத்தியிருக்கலாம். அந்த இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்ய வேண்டும் என்பதையே படிப்படியாக எழுதுகிறேன்.

1. நாய் நலமாக இருக்கும்போதே அதன் அளவுகளை எழுதி வையுங்கள்

நோய் என்பது நாயின் வழக்கத்திலிருந்து ஏற்படும் விலகல். வழக்கம் என்னவென்று தெரியாதவருக்கு விலகலும் தெரியாது. ஆகவே முதல் வேலையை நாய் துள்ளிக் குதித்துக்கொண்டிருக்கும் ஒரு சாதாரண நாளில் செய்யுங்கள். எடை, ஓய்வில் இருக்கும்போது உடல் வெப்பம், தூங்கும்போது நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, தொடையின் உட்பக்கத்தில் நாடி எத்தனை துடிப்பு, ஈறின் நிறம், ஒரு நாளில் குடிக்கும் தண்ணீர் ஆகிய ஆறையும் ஒரு தாளில் தேதியுடன் எழுதுங்கள். ஒரே நாள் அளவு போதாது. ஒரு வாரத்தில் மூன்று முறை எடுத்தால் உங்கள் நாயின் இயல்பு எந்த எல்லைக்குள் இருக்கிறது என்று பிடிபடும்.

வளர்ந்த நாயின் உடல் வெப்பம் பொதுவாக 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை, அதாவது 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் வரை இருக்கும். மனிதருக்குக் காய்ச்சல் என்று நாம் பதறும் எண் நாய்க்கு இயல்பான எண். தொட்டால் சூடாக இருக்கிறது என்று பயப்படுவதும், வழக்கமான சூடுதான் என்று விட்டுவிடுவதும் இதனால்தான் நடக்கின்றன. பிறந்து ஒரு வாரம் ஆகாத குட்டிகளின் உடல் வெப்பம் இதைவிடக் குறைவாக, 35 முதல் 37 டிகிரி செல்சியஸ் வரையில்தான் இருக்கும். சுமார் நான்கு வாரங்களில் அது பெரிய நாயின் அளவை எட்டும்.

2. வெப்பமானியை வாங்கி, சரியாக அளக்கப் பழகுங்கள்

நுனி வளையக்கூடிய டிஜிட்டல் வெப்பமானி ஒன்றே போதும். கண்ணாடியால் ஆன பாதரச வெப்பமானி வேண்டாம். நாய் திமிறினால் அது உடலுக்குள்ளேயே உடையக்கூடும். நெற்றிக்கு நேராகக் காட்டி அளக்கும் அகச்சிவப்புக் கருவியை நம்பாதீர்கள். அது ரோமத்தின் மேற்பரப்பு வெப்பத்தைத்தான் சொல்லும். மனிதரின் காதுக்குச் செய்த கருவியும் பயன்படாது, ஏனெனில் நாயின் காதுக்குழாய் கீழே இறங்கி உள்நோக்கித் திரும்பும். கருவியின் பார்வை செவிப்பறைவரை எட்டாது.

நம்பத்தக்க அளவு ஆசனவாயில் எடுப்பதே. கேட்பதற்குச் சங்கடமாக இருந்தாலும் இரண்டு பேர் இருந்தால் ஒரு நிமிட வேலைதான். ஒருவர் நாயை நிற்க வைத்து, ஒரு கையை வயிற்றுக்கு அடியிலும் மறு கையைக் கழுத்தைச் சுற்றியும் வைத்து அணைத்துக்கொள்ள வேண்டும். மற்றவர் வெப்பமானியின் நுனியில் பெட்ரோலியம் ஜெல்லி தடவி, வாலை அடியில் பிடித்து மெல்ல உயர்த்தி, பெரிய நாய்க்கு இரண்டு முதல் மூன்று சென்டிமீட்டரும், சிறிய நாய்க்கும் குட்டிக்கும் ஒன்று முதல் ஒன்றரை சென்டிமீட்டரும் உள்ளே செலுத்த வேண்டும். நுனி குடற்சுவரைத் தொடும்படி சற்றே பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். மலத்துக்குள் குத்தி நின்றால் எண் தவறாக வரும். ஒலி வந்ததும் எடுத்துப் படித்து, நேரத்துடன் எழுதிவிட்டு, வெப்பமானியை ஆல்கஹால் கொண்டு துடைத்து வையுங்கள். அதன் மேல் "நாய்க்கு மட்டும்" என்று எழுதி ஒட்டுவதை இன்றே செய்துவிடுங்கள். காரணத்தை விளக்க வேண்டியதில்லை.

நடைக்குப் போய் வந்தவுடனும், விளையாடி முடித்தவுடனும், வெயிலில் படுத்து எழுந்தவுடனும் அளக்காதீர்கள். அரை மணி நேரம் நிழலில் அமைதியாக இருந்த பிறகு எடுக்கும் எண்ணுக்குத்தான் பொருள் உண்டு. மருத்துவமனையில் பயந்து நடுங்கும் நாய்க்கும் வெப்பம் கொஞ்சம் ஏறும் என்பதால், கிளம்பும் முன் வீட்டில் எடுத்த எண் மருத்துவருக்கு உண்மையாகவே உதவும். கடிக்க வரும் நாயிடம் போராட வேண்டாம். அக்குளில் வைத்து அளந்தால் குறைவாகத்தான் காட்டும். எவ்வளவு குறைவு என்பது நாய்க்கு நாய் மாறும் என்பதால், அதோடு ஏதோ ஒரு எண்ணைக் கூட்டிக் கணக்குப் போடாதீர்கள். அத்தகைய நாய்க்கு அளப்பதை மருத்துவமனைக்கே விட்டுவிடலாம்.

3. எண்ணைப் படித்து, எவ்வளவு நேரம் இருக்கிறது என்று முடிவு செய்யுங்கள்

39.4 டிகிரி செல்சியஸ், அதாவது 103 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டினால் காய்ச்சல் என்று கொள்ளுங்கள். நாய் சாப்பிட்டுக்கொண்டும் நடமாடிக்கொண்டும் இருந்தால் இரண்டு மூன்று மணி நேரம் கழித்து மறுபடி அளக்கலாம்; ஆனால் ஒரு நாளைத் தாண்டியும் இறங்காவிட்டால் மருத்துவரிடம் காட்டியாக வேண்டும். 40 டிகிரியைத் தொட்டால் அன்றே போங்கள். 41 டிகிரி அவசரநிலை. அந்த வெப்பம் உள்ளுறுப்புகளைப் பாதிக்கத் தொடங்கும்.

கீழே இறங்கும் எண்ணை யாரும் கவனிப்பதில்லை. சோர்ந்து கிடக்கும் நாய்க்கு 37.2 டிகிரிக்குக் கீழே காட்டினால், காய்ச்சல் இல்லையே என்று மகிழ வேண்டாம். இரத்த ஓட்டம் குன்றிய நாயின் உடல் இப்படிக் குளிரும், இதுவும் அவசரநிலைதான்.

குட்டி, முதிய நாய், சினையாக இருக்கும் நாய், ஏற்கனவே சிறுநீரக நோயோ இதய நோயோ உள்ள நாய் ஆகியவற்றுக்கு மேலே சொன்ன கால அவகாசத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். வளர்ந்த நாய் ஒரு நாள் முழுவதும் சாப்பிடாவிட்டால் விசாரிக்க வேண்டும் என்றால், குட்டிக்கு அந்தக் கணக்கு சில மணி நேரம்தான். குறிப்பாகச் சிறிய இனக் குட்டிகளுக்குப் பட்டினியால் இரத்தச் சர்க்கரை விரைவில் சரிந்துவிடும்.

தடுப்பூசி போட்ட பிறகு ஓரிரு நாள் லேசான காய்ச்சலும் மந்தமும் வருவது இயல்பு. ஊசி போட்ட சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ முகம் வீங்குவதும், உடலில் தடிப்புகள் எழுவதும், தொடர்ந்து வாந்தி எடுப்பதும் இயல்பு அல்ல. உடனே திரும்பிப் போக வேண்டும்.

4. வெப்பத்தோடு நிறுத்தாமல் ஈறு, மூச்சு, நாடி, நீர்ச்சத்து ஆகியவற்றையும் பாருங்கள்

மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாகவும் வழுவழுப்பாகவும் இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு வினாடிக்குள் மீண்டும் சிவக்க வேண்டும். வெளிறிய ஈறு இரத்தசோகையையோ உள்ளே இரத்தம் கசிவதையோ காட்டும். மஞ்சள் நிறம் கல்லீரல் கோளாறையோ சிவப்பணுக்கள் சிதைவதையோ காட்டும். நீலம் படர்ந்தால் ஆக்சிஜன் போதவில்லை. செங்கல் நிறம் கடும் தொற்றிலும் வெப்பத் தாக்கத்திலும் வரும். பல நாய்களுக்கு ஈறு பிறவியிலேயே கறுப்பாக இருக்கும். அப்படிப்பட்ட நாய்க்குக் கீழிமையை மெல்ல இழுத்து உட்புறத்தைப் பாருங்கள்.

ஈறு பிசுபிசுவென்று விரலில் ஒட்டினால் உடலில் நீர் குறைந்திருக்கிறது. தோள்பட்டைகளுக்கு நடுவில் தோலைக் கிள்ளித் தூக்கி விட்டால் சட்டென்று பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். கூடாரம்போல் நின்றுகொண்டிருந்தால் நீரிழப்பு. முதிய நாய்க்கும் மிக மெலிந்த நாய்க்கும் தோல் இயல்பாகவே தளர்ந்திருக்கும் என்பதால் அவற்றுக்கு ஈறின் ஈரத்தையே நம்புங்கள்.

மூச்சைத் தூங்கும்போது எண்ணுங்கள். விலா ஏறி இறங்குவது ஒன்று. அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குங்கள். தூங்கும் நாய்க்கு நிமிடத்துக்கு 30ஐத் தாண்டக் கூடாது. கனவு கண்டு கால்களை உதைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் எண்ணினால் கூடுதலாகவே வரும், அதை விட்டுவிடுங்கள். நாடி பெரிய நாய்க்கு நிமிடத்துக்கு 60 முதல் 100 வரையும், சிறிய நாய்க்கு 140 வரையும் இருக்கலாம். குட்டிக்கு இன்னும் வேகமாக இருக்கும். தொடையின் உட்பக்கம், உடலோடு சேரும் இடத்துக்கு அருகில் விரல்களை வைத்தால் துடிப்பு தட்டுப்படும். முதல் சில முறை தட்டுப்படாது; பழக வேண்டும்.

5. எண்ணில் தெரியாத அறிகுறிகளைக் கவனியுங்கள்

நாய் தன் வலியை மறைக்கும் விலங்கு. முனகும் வரை காத்திருப்பவர் நெடுநேரம் காத்திருப்பார். வழக்கமாகத் தாவி ஏறும் இடத்தின் முன் நின்று யோசிப்பது, குளிர்ச்சியான அறையில் ஓய்வாகப் படுத்திருந்தும் மூச்சிரைப்பது, வெயில் காலத்திலும் நடுங்குவது, வீட்டில் யாரும் போகாத மூலையில் போய்ப் படுப்பது, கூப்பிட்டால் கண்ணை மட்டும் திருப்புவது, தட்டின் அருகே வந்து மோந்துவிட்டுத் திரும்பிப் போவது, ஒரே இடத்தை விடாமல் நக்குவது ஆகியவையே பேசத் தெரியாத பிராணியின் புகார்கள். என் நாய் இரண்டாம் நாள் படியிறங்கும்போது ஒவ்வொரு படியிலும் நான்கு கால்களையும் ஊன்றி நின்று இறங்கியது. வயதாகிறது என்று நினைத்துக்கொண்டேன். அப்போது அதற்கு ஆறு வயதுதான். மூட்டுகளில் வலி இருந்திருக்கிறது. உண்ணிக்காய்ச்சலில் அதுவும் வரும்.

முன்கால்களை நீட்டி மார்பைத் தரையில் பதித்து, பின்புறத்தை மட்டும் தூக்கியபடி திரும்பத் திரும்ப நிற்கும் நாயைக் கண்டு, விளையாடக் கூப்பிடுகிறது என்று எண்ணிவிடாதீர்கள். வாலாட்டலும் துள்ளலும் இல்லாமல் அப்படி நின்றால் அது வயிற்று வலி.

தண்ணீரை அளப்பது எளிது, யாரும் செய்வதில்லை. காலையில் அளந்து ஊற்றி, மறுநாள் அதே நேரத்தில் மிச்சத்தைக் கழியுங்கள். ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 50 முதல் 60 மில்லிலிட்டர் வரை இயல்பு. ஈரமான உணவு சாப்பிடும் நாய் இன்னும் குறைவாகக் குடிக்கும். கிலோவுக்கு 100 மில்லிலிட்டரைத் தாண்டினால், பத்துக் கிலோ நாய் ஒரு லிட்டருக்கு மேல் குடித்தால், சிறுநீரகம், நீரிழிவு, ஹார்மோன் கோளாறு ஆகியவற்றை மருத்துவர் தேடுவார். கருத்தடை செய்யாத பெட்டை நாயாக இருந்து, அதற்குக் கடைசியாகச் சினைப்பருவம் வந்து சில வாரங்களே ஆகியிருந்தால் கருப்பையில் சீழ் கோத்திருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்ப்பார். அந்த நோயில் காய்ச்சலே இல்லாமலும் இருக்கலாம். சீழ் வெளியே வடியாமல் உள்ளேயே தங்கும் வகைதான் அதிகம் ஆபத்தானது.

உண்ணியைப் பற்றி ஒரு பொறி இருக்கிறது, நான் விழுந்தது. "இப்போது உடம்பில் ஒரு உண்ணிகூட இல்லையே" என்று மருத்துவரிடம் உறுதியாகச் சொன்னேன். உண்ணிக்காய்ச்சலை உண்டாக்கும் எர்லிக்கியா என்ற கிருமி உடலில் புகுந்து காய்ச்சலாக வெளிப்பட ஒரு வாரத்திலிருந்து மூன்று வாரம்வரை ஆகும். அதற்குள் கடித்த உண்ணி வயிறு நிரம்பி விழுந்துபோயிருக்கும். ஆகவே கேள்வி கடந்த ஒரு மாதத்தைப் பற்றியது. காது மடலின் உட்புறம், கழுத்துப்பட்டையின் கீழ், அக்குள், விரலிடுக்கு, வாலின் அடிப்பகுதி ஆகியவற்றை விரலால் தடவிப் பாருங்கள். கண்டால் நுனி கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றுவதும், தீயால் சுடுவதும், நகத்தால் நசுக்குவதும் கூடாது. சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் போனால் உண்ணி பரப்பும் பாபீசியா போன்ற கிருமிகள் சிவப்பணுக்களை உடைத்துக்கொண்டிருக்கலாம். அதை மறுநாளுக்குத் தள்ளாதீர்கள்.

6. எதற்குக் காத்திருக்கக் கூடாது

சில நிலைகளில் வெப்பமானியைத் தேடுவதே நேர விரயம். வயிறு உப்பிக்கொண்டே போக, வாந்தி எடுக்க முயன்றும் நுரையைத் தவிர எதுவும் வெளியே வராமல் நாய் தவித்தால் இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். மார்புக்கூடு ஆழமான பெரிய இனங்களில் இது அதிகம், சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கும். சிறுநீர் கழிக்க முக்கி முக்கி நின்றும் சொட்டுக்கூட வராத ஆண் நாய், நிற்காத வலிப்பு, நீலமான நாக்கு, மயக்கம், திடீரென்று வெளுத்த ஈறு, விஷத்தையோ மாத்திரையையோ தின்றுவிட்டது என்ற ஐயம் ஆகியவையும் இதே வரிசையில் வருகின்றன.

தடுப்பூசி முடியாத குட்டி வாந்தி எடுத்து, நாற்றமடிக்கும் இரத்தபேதியும் போனால் பார்வோ என்ற வைரஸ் நோய் என்று கருதியே நடந்துகொள்ளுங்கள். அதில் காய்ச்சல் அடிக்கலாம், அடிக்காமலும் போகலாம். மருத்துவமனைக்கு முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிட்டு, கூப்பிடும் வரை குட்டியைப் பொதுக் காத்திருப்பு அறைக்குள் கொண்டுபோகாதீர்கள். இந்த வைரஸ் தரையிலும் செருப்பிலும் பல மாதங்கள் உயிர்ப்புடன் இருந்து மற்றக் குட்டிகளைப் பிடிக்கும்.

உங்களைக் காத்துக்கொள்ளவும் இரண்டு எச்சரிக்கைகள். வெறிநோய் உள்ள பகுதியில், தடுப்பூசி போடாத நாய் எச்சிலை விழுங்க முடியாமல் ஒழுகவிட்டு, தாடை தொங்கி, குணம் மாறி நடந்தால், தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது என்று எண்ணி வாய்க்குள் கையை விடாதீர்கள். எலிக்காய்ச்சல் நாயின் சிறுநீர் வழியே மனிதருக்கும் தொற்றும். காய்ச்சலோடு மஞ்சள்காமாலையும் கண்ட நாயின் சிறுநீரைக் கையுறை இல்லாமல் துடைக்காதீர்கள்.

7. வீட்டு வைத்தியத்தில் எதைச் செய்யக் கூடாது

மனிதரின் காய்ச்சல் மாத்திரையைக் கொடுக்காதீர்கள். பாராசிட்டமால் நாயின் கல்லீரலைச் சிதைக்கவும், இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனைக் கெடுக்கவும் கூடும். ஐபுப்ரோஃபென், நாப்ராக்சென், டைக்ளோஃபெனாக் ஆகியவை இரைப்பையில் புண்ணையும் சிறுநீரகச் செயலிழப்பையும் உண்டாக்கும். ஆஸ்பிரின் கொடுத்துவிட்டுப் போனால், நாய்க்கென்றே உள்ள வலி மருந்தை மருத்துவர் சில நாட்களுக்குக் கொடுக்க முடியாமல் போகும். குழந்தைக்கான அளவுதானே என்று கேட்பவர் உண்டு; நாயின் உடல் இந்த மருந்துகளைக் கழிக்கும் விதமே வேறு என்பதால் அளவைக் குறைப்பது பாதுகாப்பு ஆகாது.

போன தடவை மிஞ்சிய ஆன்டிபயாடிக்கையும் தொடாதீர்கள். நான் மூன்றாம் நாள் அலமாரியிலிருந்து எடுத்து இரண்டு வேளை கொடுத்தேன், பிறகு நிறுத்தினேன். கிருமியை ஒழிக்க அது போதவில்லை. ஆனால் பரிசோதனையில் கிருமி அகப்படாமல் ஒளிந்துகொள்ள அந்த இரண்டு வேளை போதும். அதைச் சொல்ல வெட்கப்பட்டு, இரண்டாம் முறை கேட்ட பிறகே ஒப்புக்கொண்டேன். நீங்கள் ஏற்கனவே கொடுத்திருந்தால் முதல் கேள்விக்கே உண்மையைச் சொல்லிவிடுங்கள், அட்டையையும் எடுத்துப் போங்கள்.

ஐஸ் தண்ணீரில் குளிப்பாட்டுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இங்கே இரண்டு வேறு நிலைகளைப் பலரும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். காய்ச்சலில் மூளையே உடலின் வெப்ப இலக்கை உயர்த்தி வைத்திருக்கிறது. வெளியிலிருந்து குளிர்வித்தால் உடல் நடுங்கி மறுபடி சூடேற்றிக்கொள்ளப் பார்க்கும், நாய்க்கு வேதனைதான் மிச்சம். வெப்பத் தாக்கத்தில் இலக்கு உயரவில்லை. மூடிய வண்டியிலோ உச்சி வெயில் ஓட்டத்திலோ சிக்கிய உடல் சூட்டை வெளியேற்ற முடியாமல் தோற்றுப்போயிருக்கிறது. அங்கே முதலில் குளிர்விப்பு, பிறகு பயணம்: நிழலுக்குக் கொண்டுபோய், உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி, காற்றடிக்கச் செய்து, வெப்பம் 39.5 டிகிரிக்கு இறங்கியதும் ஊற்றுவதை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். கொஞ்ச நேரத்துக்கு முன் நாய் எங்கே இருந்தது என்பதே இரண்டையும் பிரித்துக்காட்டும்.

சாதாரணக் காய்ச்சலில் வீட்டில் செய்யத் தக்கது குறைவுதான்: குளிர்ச்சியான இடம், பக்கத்திலேயே தண்ணீர், நடையை நிறுத்துதல். வலுக்கட்டாயமாக வாயில் ஊட்டாதீர்கள். சோர்ந்த நாய்க்கு அது மூச்சுக்குழாயில் போய்விடும்.

8. கிளம்பும் முன் தாள்களையும் மாதிரிகளையும் எடுத்து வையுங்கள்

தடுப்பூசி அட்டை, குடற்புழு மருந்தும் உண்ணி மருந்தும் கொடுத்த தேதிகள், பழைய பரிசோதனை முடிவுகள், இப்போது தரும் எல்லா மருந்துகளின் பெயரும் அளவும், பெட்டை நாயானால் கடைசிச் சினைப்பருவத்தின் தேதி, அண்மையில் வெளியூர் போயிருந்தால் அந்த விவரம் ஆகியவற்றை ஒரே உறையில் போட்டு வைத்திருங்கள். அதன் மேல் அன்றைய தாளை வையுங்கள். அந்தத் தாளில் நாடகம் வேண்டாம், "செவ்வாய் இரவு 8 மணி, 39.6, புதன் காலை 7 மணி, 40.1, செவ்வாய் மதியத்திலிருந்து சாப்பிடவில்லை, வாந்தி இரண்டு முறை, மஞ்சள் நீர், சிறுநீர் அடர் மஞ்சள்" என்று நேரமும் நிகழ்வும் மட்டும் இருந்தால், மருத்துவர் அரை நிமிடத்தில் படித்துவிடுவார்.

நொண்டல், இருமல், வலிப்பு ஆகியவற்றைக் கைப்பேசியில் படம் பிடியுங்கள். மருத்துவமனைக்குள் நுழைந்ததும் பெரும்பாலான நாய்கள் அதிசயமாக நன்றாக நடக்கும். வாந்தியையும் மலத்தையும் படம் எடுப்பதோடு, அன்றைய மலத்தில் சிறிதளவைச் சுத்தமான மூடிய டப்பாவில் போட்டுக் குளிர்ச்சியாகக் கொண்டுபோங்கள். வாந்தி என்று நீங்கள் சொல்வது, வயிறு குமட்டி இழுத்து வந்ததா, எந்த முயற்சியும் இல்லாமல் தின்றது அப்படியே வழிந்ததா என்று கேட்பார்கள். இரண்டுக்கும் நோய் வேறு என்பதால் படம் இங்கேயும் கைகொடுக்கும்.

தொலைபேசியில் மூன்றை மட்டும் கேளுங்கள்: இப்போது பார்க்க மருத்துவர் இருக்கிறாரா, இரத்தப் பரிசோதனையை அங்கேயே செய்வார்களா, வெறும் வயிற்றில் வர வேண்டுமா. குட்டியை நீங்களாகவே பட்டினி போட்டு அழைத்துப் போகாதீர்கள்.

9. செலவையும் காத்திருப்பையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள்

கட்டணம் பல துண்டுகளாக வரும்: பார்வைக் கட்டணம், இரவு அல்லது விடுமுறை நாள் கூடுதல் கட்டணம், பரிசோதனைகள், நரம்பு வழித் திரவம், தங்கி இருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் தனித் தொகை, மருந்து, மறுபார்வை. முதல் தொகையை மட்டும் கேட்டுக்கொண்டு உள்ளே போகிறவர்தான் பில்லைப் பார்த்து அதிர்கிறார். எழுத்தில் ஒரு மதிப்பீடு கேளுங்கள். குறைந்தபட்சம் எவ்வளவு, சிக்கலானால் எவ்வளவு என்று இரண்டு எண்களாகக் கேட்பது நல்லது. பணம் குறைவாக இருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பரிசோதனைகளை எந்த வரிசையில் செய்வது என்பதை மருத்துவர் அதற்கேற்ப மாற்றியமைக்க முடியும்.

காய்ச்சலுக்கு வழக்கமாக முதலில் முழு இரத்த அணு எண்ணிக்கையும், கண்ணாடித் தகட்டில் இரத்தம் தடவி நுண்ணோக்கியில் பார்ப்பதும் நடக்கும். இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைந்திருந்தால் உண்ணிக்காய்ச்சலின் மேல் ஐயம் விழும். பிறகு கல்லீரல், சிறுநீரகச் சோதனைகள், சிறுநீர்ப் பரிசோதனை, தேவையானால் எக்ஸ்ரே, ஸ்கேன். அணு எண்ணிக்கையைப் பெரும்பாலும் அன்றே சொல்லிவிடுவார்கள். கிருமியின் மரபணுவைத் தேடும், வெளி ஆய்வகத்துக்குப் போகும் பி.சி.ஆர். சோதனைக்குச் சில நாட்களும், கிருமி வளர்ப்புச் சோதனைக்கு மூன்று முதல் ஐந்து நாட்களும் ஆகலாம். ஒவ்வொரு சோதனைக்கும் முன் "இதன் முடிவைப் பொறுத்துச் சிகிச்சை மாறுமா?" என்று பணிவாகக் கேளுங்கள். மாறும் என்றால் செய்துவிடுங்கள்.

காய்ச்சலை இறக்க ஒரு ஊசி மட்டும் போடுங்கள் என்று நீங்களே கேட்காதீர்கள். நானும் அப்படித்தான் கேட்டேன். எண் இறங்கும், நாய் எழுந்து சாப்பிடும், காரணம் உள்ளேயே இருக்கும்; இரண்டு நாள் கழித்து அதே இடத்துக்கு வந்து அதே கட்டணத்தை மறுபடி கட்ட நேரிடும்.

காப்பீடு எடுத்திருந்தால், பொருள்வாரியாகப் பிரித்த பில், மருத்துவர் கையெழுத்திட்ட நோய்க்குறிப்பு, ஆய்வக முடிவுகள் ஆகிய மூன்றையும் கிளம்பும் முன்பே வாங்கிவிடுங்கள். காப்பீடு தொடங்குவதற்கு முன்பே இருந்த நோயையும், காத்திருப்புக் காலத்துக்குள் வந்த நோயையும் பொதுவாக ஏற்க மாட்டார்கள்; அறிகுறி தொடங்கிய தேதியை நீங்கள் குத்துமதிப்பாகச் சொன்னால் அது அப்படியே பதிவேட்டில் ஏறி, பிறகு உங்களுக்கே எதிராக நிற்கும்.

10. வீடு திரும்பிய பிறகு அளப்பதை நிறுத்தாதீர்கள்

காலையும் மாலையும் ஒரே நேரத்தில் வெப்பத்தை அளந்து அதே தாளில் எழுதுங்கள். எத்தனை நாளில் இறங்க வேண்டும், இறங்காவிட்டால் எப்போது அழைக்க வேண்டும் என்பதை மருத்துவரிடம் கேட்டு அதன் தலைப்பில் குறித்துக்கொள்ளுங்கள். எர்லிக்கியாவுக்குத் தரும் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் பெரும்பாலும் 28 நாட்களுக்கு எழுதப்படும். பல நாய்கள் இரண்டாம் நாளே எழுந்து ஓடத் தொடங்கிவிடும். பத்தாம் நாள் நிறுத்திவிடத் தோன்றும். நிறுத்தினால் கிருமி உடலிலேயே தங்கி, மாதங்கள் கழித்து எலும்பு மச்சையைத் தாக்கும் நிலைக்குப் போகக்கூடும். அதற்குப் பிறகு எளிதில் சரியாகாது. அந்த மாத்திரை வெறும் வயிற்றில் வாந்தியைக் கிளப்பும் என்பதால் சாப்பாட்டோடு கொடுங்கள். கொடுத்து அரை மணிக்குள் வாந்தி எடுத்தால், மறுபடி கொடுக்கலாமா என்று கேட்ட பிறகே கொடுங்கள்.

மறுபார்வைத் தேதியை அங்கிருக்கும்போதே வாங்கிவிடுங்கள். தட்டணு எண்ணிக்கையை மீண்டும் பார்க்க வேண்டியிருக்கும், அதற்கும் தனிக் கட்டணம் உண்டு. என் தாளில் 28 கட்டங்கள் போட்டு, மாத்திரை உள்ளே போனதும் ஒன்றை அடிப்பேன்; இருபத்தோராம் கட்டத்தில் ஒரு கேள்விக்குறி இருக்கிறது. அன்று மாத்திரையை முழுங்கியதுபோல் பாவனை செய்துவிட்டுப் போன என் நாய், அதை விரிப்புக்கு அடியில் துப்பி வைத்திருந்ததை மறுநாள் காலையில்தான் கண்டுபிடித்தேன். அன்றிலிருந்து மாத்திரை கொடுத்த பின் தொண்டையைத் தடவி, மூக்கை நக்கும் வரை காத்திருக்கிறேன். மூக்கை நக்கினால் பெரும்பாலும் விழுங்கிவிட்டது என்று பொருள்.